மேர் என்றால் கடல்

என் தங்கையின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு பெட்டி, ஒரு துணிப் பொம்மை, ஒரு வார்த்தை தமிழ் இல்லை. அவளுடைய அப்பா பிரான்சிலிருந்து அழைத்து வந்தார். நான்கு நாள் தங்கினார். மாத்திரை, தடுப்பூசி, எதெல்லாம் சாப்பிடமாட்டாள் என்று என் மனைவியிடம் ஒரு காகிதம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். அவருக்கு அங்கே கிடங்கில் ஷிப்ட் வேலை, அதற்கு மேல் லீவு கிடையாது.

தங்கைக்கு ஐந்தாவது மாதம். அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்த முறை பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. அதனால்தான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டு ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்தது என்று நான் குத்தலாகத்தான் எழுதுகிறேன். அப்போது எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. மில் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை கிடைத்தது என்று எங்கள் தெருவே வாயைப் பிளந்த கல்யாணம் அது. போனவள் போனவள்தான். இரண்டு தடவை ஊருக்கு வந்தாள், அதுவும் பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு முன்னால். பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. பெற்ற தாய்மொழியை விமானத்தில் மறந்து வைத்துவிட்டாளா என்று மனைவியிடம் கேட்டேன்.

"புள்ள காதுல விழப்போவுது, மெதுவா பேசுங்க" என்றாள்.

"விழுந்தா என்னா? புரியவா போவுது?"

எனக்குக் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரி வேலை. வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவது. பேரு, வயசு, எந்த ஊரு, என்னா பண்ணுது? ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரிடம் இதே நாலு கேள்வி. யாராவது பதில் சொல்லாமல் முழித்தால் எனக்கு மண்டை சூடாகிவிடும். அப்படிப்பட்டவன் வீட்டில், எதைக் கேட்டாலும் முழிக்கிற ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் எந்தப் பாஷையில் பேசினாலும் எப்படிப் பேசுவது என்றே எங்களுக்குத் தெரியாது.

முதல் வாரத்தில் ஒரு காலை. இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் மனைவியைப் பார்த்து, "பேன்" என்றாள். "தூ பேன்" என்று மறுபடியும் சொன்னாள். மனைவி விழுப்புரம் பக்கம் கிராமத்துக்காரி. புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையும் அவளுக்குத் தெரியாது. நான் மட்டும் என்ன, பொன்ழூர், மெர்சியைத் தாண்டியவன் இல்லை. "அடப்பாவமே, ஏரோப்ளேன்ல யார் தலையிலேருந்தோ தொத்திக்கிச்சு" என்று மனைவி பேன் சீப்பை எடுத்து வந்து, பிள்ளையை மடியில் அமுக்கி, அரைமணி நேரம் வாரினாள். ஒரு ஈர் கூட அகப்படவில்லை. பிள்ளை கதறிவிட்டது. தலைக்கு எண்ணெய் வேறு வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கை போன் செய்வாள். வீட்டில் தரைவழிப் போன், கூடத்து ஸ்டூலின் மேல். மணி அடித்ததுமே குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். இழுத்தால் கட்டில் காலைப் பிடித்துக்கொள்வாள். ரிசீவரைக் கீழே குனிந்து அவள் காதில் வைத்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தங்கை அந்தப் பக்கம் பிரெஞ்சில் கெஞ்சுவது எனக்கும் கேட்டது. இந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம்கூடப் போகவில்லை.

"அவ கோவமா இருக்காண்ணா. நான் தொரத்திட்டேன்னு நெனைக்கிறா. கெளம்பும்போதே என்னைப் பாக்கல."

"சின்னப் புள்ள, ரெண்டு நாள்ல மறந்துடும்."

"சாப்புடறாளா?"

"நல்லா சாப்புடறா" என்று பொய் சொன்னேன்.

"டாக்டர் அழக்கூடாதுன்றாரு. நான் என்னா பண்றது? அவ குரல ஒரு தடவ கேட்டா போதும்ணா. ஒரே ஒரு வார்த்த."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். அந்த ஒரு வார்த்தையை வாங்கித் தரமுடியாமல் நான் ரிசீவரும் கையுமாகக் கட்டிலுக்கு முன் மண்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் நான் வீட்டில் இருந்தபோது, தூங்கிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு எழுந்து "மாமன்! மாமன்!" என்று கத்தினாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. மாமன் என்று கூப்பிட்டுவிட்டாள்! பாதி சவரத்தில், முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிப்போய் வாரி எடுத்தேன். என் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். குத்திக்கொண்டே "மாமன்" என்றே அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வாரம் போனில் தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, "அண்ணா, அது மாமன் இல்ல. மமாங். அம்மாவ அப்படித்தான் கூப்புடுவாங்க" என்றாள். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் கேட்டுவிட்டேன்.

"நீ தமிழ் சொல்லிக்குடுத்திருந்தா இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? அவ்ளோ பெரிய தொரசானி ஆயிட்டியா?"

தங்கை மெதுவாகச் சொன்னாள். குழந்தைக்கு மூன்று வயது ஆகியும் பேச்சு வரவில்லையாம். அங்கே பள்ளிக்கூடத்தில், வீட்டில் இரண்டு பாஷை கலந்தால் குழம்பும், ஒன்றை விட்டுவிடுங்கள் என்றார்களாம். இவளும் மாமியாரும் பயந்துபோய்த் தமிழை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் போன் பண்ணுவது கூட, பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில்தான்.

"தூங்க வைக்கறப்ப பாடுற பாட்டகூட நிறுத்திட்டேண்ணா. வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை காந்தி வீதிச் சந்தைக்குப் போனேன். பேண்ட், சட்டை, பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவே தரையில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்பார்கள். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போனது நிறையக் கிடக்கும். பிரெஞ்சு–இங்கிலீஷ் புத்தகம் ஏதாவது கிடைத்தால் பிள்ளையோடு பேசப் பழகலாம் என்று எண்ணம். பெரிய எழுத்தில், படம் போட்ட குழந்தைப் பாட்டுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அட்டை பாதி கிழிந்திருந்தது. இடது பக்கம் தலைமேல் கோடு, புள்ளியெல்லாம் போட்ட எழுத்துகள். வலது பக்கம் அதே பாட்டு இங்கிலீஷில். தலையில் கோடு இருந்தால் பிரெஞ்சுதான், வேறென்ன? வாங்கிக்கொண்டு வந்து, சைக்கிளை நிறுத்தின கையோடு குழந்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தொண்டையைக் கனைத்து, இடது பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். இரண்டாவது வரியில் கண் விரிந்தது. நாலாவது வரியில் சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. முன்பல் இரண்டு இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சே பா ஃபிரான்சே!" என்று புத்தகத்தைத் தட்டினாள். கையை ஆட்டி ஆட்டி, ஃபிரான்சே இல்லை, இல்லை என்றாள். நான் உள்பக்கத்தைப் புரட்டி இங்கிலீஷில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் படித்தேன். ஸ்பானிஷ். பிரெஞ்சு என்று ஸ்பானிஷை வாங்கி வந்திருக்கிறேன். மனைவி சமையலறையிலிருந்து, "ஊசி வாங்கப் போனவரு ஒலக்க வாங்கினு வந்தாரு" என்றாள்.

ஆனால் குழந்தை புத்தகத்தை விடவில்லை. பாஷை தெரியாவிட்டாலும் ஸ்பானிஷ் அவளுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போல இருந்திருக்க வேண்டும். விரலை வைத்து மெதுவாக எழுத்துக்கூட்டி, ஒரு சொல்லைப் பிடித்தாள். 'சோல்' என்று போட்டிருந்தது. "சொலேய்!" என்று ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். நான் வலது பக்கத்தில் அதே வரியில் தேடினேன். சன். "சூரியன்" என்றேன். "சூயியன்" என்றாள். 'லூனா' என்பது அவளுக்கு லூன், எனக்கு மூன், நிலா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. இரண்டு பேருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. அவள் இடது கரையிலிருந்து, நான் வலது கரையிலிருந்து, நடுவில் வந்து கை கொடுத்துக்கொண்டோம்.

அடுப்பு மேல் ரொட்டி உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற படம் ஒன்று இருந்தது. இடது பக்கத்தில் 'பான்' என்ற சொல்லைப் பார்த்ததும் துள்ளினாள். "பேன்! பேன்!" என்று வாயில் கையை வைத்துக் கடிக்கிற மாதிரி காட்டினாள். நான் வலது பக்கத்தைப் பார்த்தேன். பிரெட்.

"ஏய், இங்க வா! பேன்னா ரொட்டிடி! புள்ள ரொட்டி கேட்டிருக்கு!"

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். அவளுக்கு முகமே செத்துவிட்டது. "ரொட்டி கேட்ட புள்ளைக்கா நான் தல வாரினேன்?" என்று அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். குழந்தை பயந்துபோய் அவள் கண்ணைத் துடைத்தது. நான் மறுபடியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நீட்டு ரொட்டி விற்கிற கடைக்குப் போனேன்.

அதன் பிறகு தினமும் நான் வேலையிலிருந்து வந்ததும் புத்தகம்தான். குடை வாங்கப் போன மீனைப் பற்றி ஒரு பாட்டு. தண்ணிக்குள்ள இருக்கறதுக்கு எதுக்குக் குடை என்று நான் சண்டை பிடிப்பேன். அவள் மீனுக்காக வாதாடுவாள். அந்தப் பக்கத்தில்தான் கடல் வந்தது. ஸ்பானிஷில் 'மார்'. அவள் "மேர்" என்றாள். நான் "கடல்" என்றேன். ஆஸ்பத்திரியில் தேதி தவறாக அச்சான சீட்டுகளைக் கழித்துப் போடுவார்கள். ஒரு கட்டு கொண்டு வந்து பின்பக்கத்தில் இருவரும் எழுதிவைத்தோம். இடது பக்கம் அவள் பிரெஞ்சு, வலது பக்கம் என் தமிழ். சொலேய், சூரியன். பேன், ரொட்டி. மேர், கடல். தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடியதிலும் தமிழ் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு மாதத்தில் என் மனைவியை வேலை வாங்கும் அளவுக்குப் பேசினாள்.

போன் மட்டும் அப்படியேதான். மணி அடித்தால் கட்டிலடி. "உங்கம்மா அழுவுறாம்மா" என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெர்ல" என்று தமிழிலேயே பதில் வந்தது. தங்கைக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது என்று மாப்பிள்ளை தனியாகப் போன் செய்து சொன்னார். ஆஸ்பத்திரியில் பேர், வயசு கேட்டு எழுதுவதற்குள் வேறு பெண்களின் முகமெல்லாம் தங்கை முகமாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அவளாகவே ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். இடது பக்கத்தில் பென்சிலால் நாலு வரி எழுதியிருந்தாள். பாட்டாம். வலது பக்கம் காலியாக இருந்தது. நான் நிரப்ப வேண்டுமாம்.

"மேர்" என்று முதல் சொல்லைக் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் முன்னால் தள்ளிக் காட்டினாள். அலை என்று கையால் வளைத்துக் காட்டினாள். கடல் அலையைத் தள்ளுகிறது. அலை மணலில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அலை கடலைக் கேட்கிறது, திரும்பக் கூப்பிடுவாயா, இல்லை மறந்துவிட்டாயா என்று. இதைத் தமிழும் பிரெஞ்சும் கையும் காலுமாக அவள் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு ஒரே ஆச்சரியம். பிள்ளை எவ்வளவு அழகாகக் கடலைப் பார்த்திருக்கிறாள்! பீச்சுக்கு வாராவாரம் அழைத்துப் போனது வீண் போகவில்லை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வலது பக்கத்தில் எழுதினேன்.

கடல் அலையைத் தள்ளிடுச்சு
அலை மணலில் தங்கிடுச்சு
கடலே கடலே ஒரு பேச்சு
கூப்பிடுவியா, மறந்துபோச்சா?

எழுதி முடித்ததும் பழக்கதோஷம், சரிபார்த்தேன். பழைய சீட்டில் 'மேர்' என்பதற்கு அவளே மூன்று எழுத்துதான் எழுதியிருந்தாள். இதில் கடைசியில் கூடுதலாக ஓர் 'ஈ' உட்கார்ந்திருந்தது. ஆபீஸில் ஈ அடித்துப் பழகின கைதானே, சிவப்புப் பேனாவை எடுத்து அதையும் அடித்துவிட்டேன். "தப்பு எழுதக்கூடாது, பாப்பா" என்றேன். அவள் நான் அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழ்ப் பக்கத்தைப் படித்துக்காட்டச் சொன்னாள். நான் படிக்கப் படிக்கத் திருப்பிச் சொல்லி, தூங்குவதற்குள் மனப்பாடம் செய்துவிட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு மணி அடித்தது. அவள் கட்டிலுக்குப் போகவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். நான் எடுத்து, "இரு, பேசாத" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு ரிசீவரை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அலோ இல்லை, அம்மா இல்லை. நேரே பாட்டு. முதலில் பிரெஞ்சில் நாலு வரி. மூச்சு வாங்கிக்கொண்டு, தமிழில் நாலு வரி. 'மறந்துபோச்சா' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. பாடி முடித்துவிட்டு ரிசீவரை என் கையில் திணித்தாள். மனைவி வாசற்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "ஏம்மா, இருக்கியா?" என்றேன்.

"இருக்கேண்ணா." அழுது முடித்த குரல். "யார் எழுதினது?"

"பிரெஞ்சு அவளேதான். தமிழ் நானு. கடலப் பத்தி எவ்ளோ சூப்பரா எழுதியிருக்கா பாரு."

"அண்ணா, அந்த மேர்ன்றத எப்படி எழுதியிருக்கா? கடைசி எழுத்து என்னா?"

"கடைசியில ஒரு ஈ போட்டிருந்தா. தப்புன்னு நான்தான் அடிச்சேன்."



"அது தப்பு இல்லண்ணா. ஈ இல்லன்னா கடலு. ஈ இருந்தா அம்மா. கூப்புடறதுக்குத்தான் மமாங். அம்மான்ற சொல்லு மேர். ரெண்டுக்கும் ஒரே சத்தம்."

சீட்டைப் பார்த்தேன். என் சிவப்பு மை அந்த எழுத்தின் மேல் தடியாகக் கிடந்தது. குழந்தையின் அம்மாவை நான் அடித்துவிட்டு, தப்பு எழுதக்கூடாது என்று புத்தியும் சொல்லியிருக்கிறேன். ஆயிரம் பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன், அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. இதற்கு இன்றைக்கு வரைக்கும் வருத்தப்படுகிறேன்.

"அவகிட்ட குடுண்ணா" என்றாள் தங்கை.

குழந்தை இந்த முறையும் வாங்கிக்கொண்டாள். காதில் வைத்தாள். எனக்குக் கேட்கிற அளவுக்குத் தங்கையின் குரல் வந்தது. பிரெஞ்சு இல்லை.

"மறக்கலடி தங்கம். மறப்பேனா? தம்பியோ தங்கச்சியோ வந்ததும் அம்மா உன்னைக் கூப்புட்டுக்குவேன். அம்மா உன்னத் தொரத்தலடி."

குழந்தையின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதன் ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நம்மளோட பாஷ" என்றாள். "அம்மாக்கு யார் சொல்லிக்குடுத்தா?"



"உங்கம்மாவையே கேளு" என்றேன்.

கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.